பச்சை மாறாமல் வாடிய தக்காளி: ஒரு வீட்டுத் தோட்டத்தின் நோய் ஆய்வு

தோட்டமும் புகாரும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், செம்புறை மண்ணில் ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடத்தில் நான்கு மேட்டுப்பாத்திகள். முதல் இரண்டில் தக்காளி, மூன்றாவதில் கத்தரி, நான்காவதில் மிளகாய். சுவரோரம் சில வளர்பைகள். இடம் கிழக்கிலிருந்து மேற்கே சரிகிறது. மேல்பாத்தியின் தலைப்பில் ஹோஸ் குழாயைப் போட்டுவிட்டால், தண்ணீர் வாய்க்கால் வழியே ஒவ்வொரு பாத்தியாக நனைத்து இறங்கி வாழை மூட்டில் போய் நிற்கும். தக்காளி அதே பாத்திகளில் தொடர்ந்து மூன்றாம் பருவமாக நடப்பட்டிருக்கிறது. நாற்று சந்தையில் வாங்கியது, ரகம் தெரியாது.

செடிகள் பூத்து, முதல் கொத்தில் காய் பட்டாணி அளவுக்கு வந்தபோது மேல்பாத்தியில் ஒரு செடி நண்பகலில் தலை தொங்கியது. சாயங்காலம் நிமிர்ந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் இரவிலும் நிமிரவில்லை. இலை ஒன்றுகூடப் பழுக்கவில்லை, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. முழுப் பச்சையாகவே செடி துவண்டு போனது. அடுத்த வாரம் அதே வரிசையில், தண்ணீர் இறங்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு.

வாடலைக் கண்டதும் எல்லோரும் செய்வதையே அந்த வீட்டாரும் செய்தார்கள். முதலில் காலையும் மாலையும் கூடுதல் தண்ணீர். பிறகு உரக்கடையில் 'வாடல் மருந்து' என்று கொடுத்த கார்பென்டசிம்மை லிட்டருக்கு ஒரு கிராம் கலந்து மூட்டில் ஊற்றினார்கள். அதற்கும் கேட்காததால் நுண்சத்துக் கலவையைத் தெளித்தார்கள். கார்பென்டசிம் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து. நோய்க்குக் காரணம் பூஞ்சணமாக இல்லாவிட்டால் அது வெறும் செலவு. கூடுதல் தண்ணீரோ இங்கே நோய்க்கே வாகனமாகிவிட்டது.

வாடல் என்பது அடையாளம், நோயின் பெயர் அல்ல

செடிக்குள் தண்ணீர் ஏறவில்லை என்பதைத்தான் வாடல் சொல்கிறது. ஏன் ஏறவில்லை என்பதற்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் உண்டு, ஐந்துக்கும் வைத்தியம் வேறு வேறு. ஆகவே மருந்துக் கடைக்குப் போகும் முன் செடியை மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். இலையில் தொடங்கி, தண்டு, கழுத்துப் பகுதி (தண்டு மண்ணைத் தொடும் இடம்), வேர் என்ற வரிசையில் போனால் எதுவும் விட்டுப்போகாது.

இலை: பூஞ்சண வாடலில் (புசேரியம்) அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். பல நேரம் ஒரே கிளையில், சில சமயம் இலையின் ஒரு பாதியில் மட்டும் மஞ்சள் தெரியும். செடி வாரக் கணக்கில் மெல்ல நலியும். இந்தத் தோட்டத்தில் மஞ்சளே இல்லை, நுனிக் கொழுந்துதான் முதலில் தொங்கியது, நான்கைந்து நாளில் செடி முடிந்தது. இந்த ஒரு வேறுபாடே சந்தேகத்தைப் பாக்டீரியாவின் பக்கம் திருப்பப் போதும்.

தண்டு: வாடிய தக்காளியின் அடித்தண்டில் சிறு சிறு பருக்களாக வேர்முளைகள் வெளியே தள்ளியிருந்தன. நீர்க்குழல்கள் அடைபடும்போது தக்காளி இப்படிச் செய்யும். பாக்டீரியா வாடலில் இது அடிக்கடி தென்படும். ஆனால் தண்ணீர் தேங்கும் பாத்தியிலும் வரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

கழுத்துப் பகுதி: மண்ணை இரண்டு விரற்கடை விலக்கிப் பார்க்கவும். வெள்ளை நூலிழைகளும் அவற்றின் மேல் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் இருந்தால் அது ஸ்கிளிரோசியம் கழுத்தழுகல். மழைக்காலத்தில், மக்காத தழையை மூட்டோடு ஒட்டிப் போட்ட பாத்திகளில் இது அதிகம். இங்கே கழுத்து சுத்தமாக இருந்தது.

வேர்: செடியை இழுத்துப் பிடுங்கினால் நுனிவேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். வேரின் மேலுறை கையோடு உருவிக்கொண்டு வந்து உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சினால் அது நீர்த்தேக்கத்தால் வரும் வேரழுகல். வேரே தடித்து மணிமணியாக முண்டு கட்டியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. பயறு வகைகளின் வேரில் இருக்கும் முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும். நூற்புழு முண்டு வேரின் பாகமாகவே இருக்கும், வேரைப் பிய்க்காமல் அதை எடுக்க முடியாது. இங்கே மூன்று செடிகளில் ஒன்றில் சில முண்டுகள் இருந்தன. சாவுக்கு அவை நேர்க்காரணம் அல்ல. ஆனாலும் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி, ஏனென்றால் நூற்புழு துளைத்த காயம் பாக்டீரியாவுக்குத் திறந்த கதவு.

கண்ணாடி டம்ளர் சோதனை

இந்த ஆய்வின் திருப்பம் இங்கேதான். செலவு ஒரு டம்ளர் தண்ணீர்.

வாடத் தொடங்கி ஓரிரு நாளான, இன்னும் காயாத செடியைத் தேர்ந்தெடுக்கவும். மண்ணை ஒட்டிய அடித்தண்டில் ஐந்து சென்டிமீட்டர் நீளத் துண்டை, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் நேராக வெட்டவும். மேலே பட்டிருக்கும் மண்ணைக் கழுவிவிடவும். ஒளி ஊடுருவும் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, துண்டின் கீழ்வெட்டு மட்டும் நீரில் ஒரு சென்டிமீட்டர் மூழ்கும்படி நூலாலோ துணிக் கிளிப்பாலோ தொங்கவிடவும். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணியோ கறுப்புக் காகிதமோ வைக்கவும். அசைக்கக் கூடாது.

மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள், வெட்டுவாயின் ஓரவட்டத்திலிருந்து பால்வெள்ளை இழைகள், ஊதுபத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல், நேராகக் கீழே இறங்கின. கால் மணி நேரத்தில் டம்ளரின் அடிநீர் கலங்கியது. அந்த இழை முழுவதும் பாக்டீரியாவும் அது சுரக்கும் பசையும்தான். அந்தப் பசைதான் நீர்க்குழல்களை அடைக்கிறது. பூஞ்சண வாடலிலோ நூற்புழுத் தாக்குதலிலோ இந்த இழை வராது.

சோதனை பொய்க்கும் இடங்களும் உண்டு. காய்ந்து சுருங்கிய செடியில் இழை வராமல் போகலாம். நுனித்தண்டை வெட்டினாலும் அப்படியே. கழுவாத துண்டிலிருந்து உதிரும் மண்ணைச் சிலர் இழை என்று எண்ணிவிடுவார்கள். மண் துகள் உடனே விழுந்து அடங்கிவிடும், பாக்டீரியா இழை தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஐயம் இருந்தால் இன்னொரு முறை உண்டு: தண்டைக் குறுக்கே வெட்டி, இரண்டு வெட்டுமுகங்களையும் சில விநாடி ஒட்டிப்பிடித்து மெதுவாகப் பிரித்தால், நடுவே மெல்லிய பிசின் நூல் இழுபடும். இந்தச் செடிகளில் இழுபட்டது. வெட்டுமுகத்தில் நீர்க்குழல் வளையம் பழுப்பாக இருந்தது. பூஞ்சண வாடலிலும் வளையம் பழுப்பாகும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது.

நோய் உறுதியானது: பாக்டீரியா வாடல். உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி ஆகியவற்றில் இதை உண்டாக்கும் கிருமியை அமெரிக்காவின் எர்வின் ஸ்மித் 1896இல் விவரித்தார். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பெயரில் அறியப்பட்ட இக்கிருமிக் கூட்டம் 2014இல் தனித்தனிச் சிற்றினங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆசியாவில் தக்காளியைப் பெரும்பாலும் தாக்குவதற்கு இப்போது ரால்ஸ்டோனியா சூடோசொலனேசியாரம் என்று பெயர். தோட்டக்காரருக்குப் பெயரைவிட முக்கியமானது, இது இருநூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்களில் வாழக்கூடியது, செடி இல்லாமலும் மண்ணில் ஆண்டுக் கணக்கில் கிடக்கக்கூடியது என்பதுதான். வாடிவிட்ட செடியை மீட்க மருந்து கிடையாது. ஆன்டிபயாட்டிக் தூளை வாங்கி ஊற்றச் சொல்வோர் உண்டு. அது குழலுக்குள் நிறைந்துவிட்ட கிருமியைத் தீர்ப்பதில்லை, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கும் ஆபத்தும் அதில் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

கிருமி எப்படிப் பரவியது

நோயுற்ற செடிகளைத் தாளில் வரைபடமாகக் குறித்தபோது வழி தெளிவானது. முதல் செடி மேல்பாத்தியின் தலைப்பில், குழாய் விழும் இடத்துக்கு அருகில். அதன்பின் வாடியவை அனைத்தும் தண்ணீர் ஓடும் திசையில். பூச்சியால் பரவும் நோயாக இருந்தால் இப்படி ஒரே கோட்டில் வராது, அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். வரைபடம் போடுவதைப் பலரும் வேலைமெனக்கெட்ட காரியம் என்று விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் முடியும் அந்தக் கோடுதான் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

தண்ணீருக்கு அடுத்தபடி கத்தரிக்கோல். பக்கக்கிளைகளை ஒரே கோலால் வரிசையாக நறுக்கியிருந்தார்கள். மண்ணைக் கொத்தியபோது வேர்கள் அறுபட்டதும் கிருமிக்கு வழி திறந்தது.

எளிதில் கண்ணுக்குத் தப்பியது இன்னொன்று: வரப்பில் தானாக முளைத்த மணத்தக்காளி. கீரைக்காக யாரும் அதைப் பிடுங்கவில்லை. தக்காளிக் குடும்பத்துச் செடியான இது, வாடாமலேயே கிருமியை வேரில் வைத்திருக்கும். பருவம் முடிந்து தக்காளியை அகற்றினாலும் கிருமிக்கு வீடு காலியாவதில்லை. கீரை வேண்டுமென்றால் மணத்தக்காளியைத் தனிப்பையில், காய்கறிப் பாத்திக்குத் தண்ணீர் வடியாத இடத்தில் வைக்க வேண்டும்.

வெயிலும் ஈரமும் சேர்ந்த காலநிலை மீதியைச் செய்தது. மண்ணின் வெப்பம் 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருந்து மண்ணும் நனைந்தே கிடந்தால் இந்த நோய் வேகமெடுக்கும். மழை விட்டு வெயில் அடிக்கும் இடைவெளிகளில் செடிகள் சட்டென்று சாய்வது இதனால்தான்.

முதல் வாரத்தில் செய்தவை

முதல் வேலை வாய்க்காலை அடைத்தது. பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கடப்பது நின்றது. ஒவ்வொரு செடிக்கும் குவளையால் மூட்டில், மண் தெறிக்காமல், காலையில் மட்டும்.

பிடுங்குவதிலும் முறை இருக்கிறது. மண் ஈரமில்லாத நேரம் பார்த்து, செடியின் தலையை முதலில் பிளாஸ்டிக் பையால் மூடி, மூட்டைச் சுற்றி ஒரு சாண் தூரத்து மண்ணோடு தோண்டி, அப்படியே பைக்குள் இறக்கிக் கட்டினார்கள். வாடிய செடியின் இரு பக்கத்திலும் நலமாகத் தெரிந்த செடியையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தது. இதற்கு மனசு வராது. ஆனால் அவற்றின் வேர்கள் ஏற்கெனவே பின்னிக் கிடந்தன. எடுத்த ஒரு 'நல்ல' செடியின் தண்டிலும் டம்ளரில் இழை இறங்கியது. கட்டிய பைகளை வெயிலில் காயவைத்து எரித்தார்கள். உரக்குழியில் போடவே கூடாது. வீட்டு உரக்குழி கிருமி சாகும் அளவுக்குச் சூடாவது அரிது, அடுத்த பருவம் அதே உரம் எல்லாப் பாத்திக்கும் போகும்.

தோண்டிய குழிக்குப் பிளீச்சிங் பவுடர். வயலுக்கு ஹெக்டேருக்கு 10 முதல் 15 கிலோ என்பது வழக்கத்தில் உள்ள அளவு. வீட்டுக் கணக்கில் சதுர மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம்தான் வரும். கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டினால் மண்ணில் உள்ள நல்ல உயிரிகளும் போய்விடும். நீரில் கலந்து ஊற்றி, கையுறை போட்டு, காற்றோட்டமாகச் செய்ய வேண்டும். மீதமிருந்த செடிகளுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிர மருந்தை லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து மூட்டில் ஊற்றினார்கள். இது பரவலைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

கத்தி, கத்தரிக்கோல், மண்வெட்டி மூன்றையும் மண் போகக் கழுவி ஸ்பிரிட்டில் துடைப்பது ஒவ்வொரு செடிக்கும் கட்டாயமானது. வேலை செய்யும் வரிசையும் மாறியது: நல்ல பாத்தி முதலில், நோய்ப் பாத்தி கடைசியில்.

இத்தனைக்குப் பிறகும் மேல்பாத்தி முழுவதும் போனது. இரண்டாம் பாத்தியில் ஏறத்தாழ பாதி நின்று காய்த்தது. வாய்க்காலை அடைக்காமல் இருந்திருந்தால் கத்தரியும் மிளகாயும் இதே வழியில் போயிருக்கும், இரண்டும் இந்தக் கிருமிக்கு இரைதான்.

இடையில் வந்த இரண்டு குழப்பங்கள்

நின்ற செடிகளில் அடி இலையில் பழுப்பு வட்டங்கள் வந்தன. வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரிந்ததால் அது இலைக்கருகல் (ஆல்டர்நேரியா), வாடலோடு தொடர்பில்லாதது. அடி இலைகளைக் கிள்ளி அகற்றி, மண்ணுக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டதும் அடங்கியது. ஒரு செடியில் கொழுந்து இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு குட்டையாயின. அது வெள்ளை ஈ கடத்தும் இலைச்சுருள் நச்சுயிரி. அதற்கும் மருந்து இல்லை என்பதால் அந்தச் செடி மட்டும் அகற்றப்பட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கப்பட்டது. ஒரே தோட்டத்தில் மூன்று நோய் ஒரே நேரத்தில் இருப்பது சாதாரணம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் தேடுவதுதான் கெடுக்கிறது.

மண்ணைத் தேற்றுவது

அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் (கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அது திருப்பதிசாரத்தில் இருக்கிறது) மண்ணைக் கொடுத்து அமில நிலையை அறிந்துகொண்டுதான் சுண்ணாம்பு போட வேண்டும். செம்புறை மண் பொதுவாக அமிலத் தன்மை உள்ளது. அமிலம் மிகுந்தால் சென்ட்டுக்கு இரண்டு முதல் மூன்று கிலோ சுண்ணாம்புத் தூளை மண்ணோடு கிளறி, இரண்டு வாரம் விட்டுப் பிறகு தொழுவுரம் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் உரத்தின் தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிப் போகும். சுண்ணாம்பு கிருமியைக் கொல்லும் என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு ஏறிய தக்காளி இந்த நோயைக் கூடுதலாகத் தாங்கும் என்பதே பயன்.

கோடையில் பாத்தியை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை விளிம்பு முழுவதும் மண்ணில் புதைத்து ஐந்து வாரம் மூடிவைத்தார்கள். கறுப்புத் தாள் இதற்கு உதவாது, சூடு தாளிலேயே நின்றுவிடும். மேல்மண்ணில் கிருமியும் நூற்புழுவும் குறையும். ஆழத்தில் இருப்பவை தப்பும், ஆகவே மூடிவைத்த மண்ணை ஆழமாகக் கொத்திப் புரட்டக் கூடாது.

அதன்பின் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள். பாத்திக்கு 50 கிராமை ஐந்து கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் ஈரச்சாக்கால் மூடி ஒரு வாரம் வைத்துப் பிறகு இட்டார்கள். நடும் நாளில் நாற்றின் வேர்க்கட்டியை லிட்டருக்கு 20 கிராம் கலந்த நீரில் அரை மணி நேரம் நனைத்தார்கள். இதில் தவறு நேரும் இடம் இரண்டு. பாக்கெட்டின் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்குவது ஒன்று. நான்கு மாதம் தாண்டியதில் உயிர் குறைவாகவே மிஞ்சும். பிளீச்சிங் பவுடரோ தாமிர மருந்தோ ஊற்றிய அடுத்த நாளே இதைப் போடுவது மற்றொன்று. அவை இந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும், குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வேண்டும்.

அடுத்து என்ன நடுவது

மேல்பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் விடுமுறை. மாற்றுப் பயிர் என்று இஞ்சியோ நிலக்கடலையோ போட்டால் பயனில்லை, அவையும் கிருமியின் இரைப் பட்டியலில் உள்ளவை. மக்காச்சோளமும் அதைத் தொடர்ந்து தட்டைப்பயறும் போடப்பட்டன.

மற்றப் பாத்திகளுக்குத் தாங்கும் ரகம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் இதே மாதிரி மண்ணுக்கும் மழைக்கும் உருவாக்கியவை தக்காளியில் சக்தி, முக்தி, அனகா. கத்தரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா, நீலிமா. மிளகாயில் உஜ்வலா, மஞ்சரி. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக், பாக்டீரியா வாடல், இலைச்சுருள், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் கலப்பினம். அதன் காயிலிருந்து விதை எடுத்து நட்டால் அதே குணம் அப்படியே வராது. எந்த ரகமானாலும் தாங்கும் திறனுக்கு எல்லை உண்டு. தண்ணீர் தேங்கி, நூற்புழுவும் சேர்ந்தால் தாங்கும் ரகமும் விழும்.

நாற்றைச் சந்தையில் வாங்குவதை நிறுத்தியது ரகத் தேர்வுக்கு இணையான முடிவு. மண்ணில் வளர்த்த நாற்று வாடாமலேயே கிருமியைக் கொண்டு வரும். குழித்தட்டில் மூன்று பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம் நிரப்பி, நான்கு வாரத்தில் நாற்று எடுத்தார்கள்.

கத்தரிக்கு இன்னும் உறுதியான வழி சுண்டைக்காய் வேரில் ஒட்டுக் கட்டுவது. சுண்டை பாக்டீரியா வாடலையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் தாங்கும். அதன் விதை மெதுவாக முளைக்கும், ஆகையால் கத்தரி விதைக்கு ஒரு மாதமாவது முன்னால் போட வேண்டும். இரண்டின் தண்டும் ஒரே பருமனுக்கு வந்தபின், சுண்டையின் தலையை வெட்டி நடுவே ஒரு சென்டிமீட்டர் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய கத்தரிக் கொழுந்தைச் செருகி, கிளிப் போட்டு, ஈரம் காக்கும் மூடிக்குள் நிழலில் ஒரு வாரம் வைக்க வேண்டும். பிறகு மூடியைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். தக்காளிக்குச் சுண்டையைவிட வாடல் தாங்கும் கத்தரி வேரே நன்றாகப் பொருந்தும். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் தக்காளிக்குப் பரிந்துரைப்பதும் கத்தரி வேர்தான். நடும்போது ஒட்டு, மண்ணுக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும். தக்காளியை ஆழ நடும் பழக்கத்தில் ஒட்டைப் புதைத்துவிட்டால், மேல்தண்டிலிருந்து புது வேர் இறங்கிக் கிருமியைத் தொட்டுவிடும், ஒட்டுக் கட்டியதே வீண். மூட்டுக்கு மண் அணைக்கும்போதும் இதே தவறு நடக்கிறது.

வளர்பை மண்

பைகளில் நோய் வரவில்லை, காரணம் வாய்க்கால் தண்ணீர் அவற்றைத் தொடவில்லை. ஆனால் பழைய பை மண்ணைப் பாத்தியில் கொட்டி, பாத்தி மண்ணைப் பையில் நிரப்பும் வழக்கம் அந்த வீட்டில் இருந்தது. அது முற்றாக நின்றது. பை மண்ணை மறுபடி பயன்படுத்துவதென்றால் வெயிலில் பாலித்தீன் விரித்துப் பரப்பி, ஈரத்தோடு மூடி, இடையிடையே கிளறிவிட வேண்டும்.

சோதனைச் செடி

மேல்பாத்தி எப்போது தக்காளிக்குத் திரும்பலாம் என்பதைக் காலண்டரை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வழி, தாங்கும் திறன் இல்லாத சாதாரணத் தக்காளி நாற்றுகளைப் பாத்தியின் மேல்முனை, நடு, கீழ்முனை மூன்று இடத்திலும் நட்டுப் பார்ப்பது. நடும்போது வேர்நுனியைச் சற்று நறுக்கிவிட்டால் கிருமி இருந்தால் சீக்கிரம் காட்டும். தட்டைப்பயறு எடுத்தபின் இங்கே அப்படி நட்டதில், மேல்முனையிலும் நடுவிலும் இருந்தவை பூக்கும்வரை நின்றன. கீழ்முனைச் செடி பச்சையாகவே தொங்கியது, டம்ளரில் இழையும் இறங்கியது. அந்த முனையில்தான் பாத்தியின் தண்ணீர் கடைசியாகத் தேங்கும். அங்கே வடிகால் வெட்டி, வாழைப் பக்கம் போகாமல் வேலிக்கு வெளியே திருப்பி, மறுபடி மக்காச்சோளம் விதைக்கப்பட்டிருக்கிறது. மீதிப் பாத்தியில் அனகா நாற்று நடப்பட்டிருக்கிறது.